வீட்டிலேயே பிலிம் கேமரா செய்வது: டெல்டாக்காரர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் பிலிம் கேமராவைச் சொந்தமாகச் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நல்ல லென்ஸ் கிடைத்த பிறகுதான் தொடங்க முடியும் என்று நினைத்துப் பலர் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. வெளிச்சம் புகாத பெட்டியும், துளைக்கும் பிலிமுக்கும் நடுவே சரியாக அளந்த தூரமும் போதும், படம் விழுந்துவிடும். லென்ஸைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பெட்டி செய்ய ஆசாரியும் தகட்டுக்கு டிராக்டர் பட்டறையும் பித்தளை வளையம் கடைய லேத்தும் நம் ஊரிலேயே இருக்கின்றன.

முதல் கேமரா எதில் செய்யலாம்?

பால் பவுடர் டப்பா. உள்பக்கம் கரும்பலகைக்கு அடிக்கும் மேட் கறுப்பு பெயிண்ட் அடியுங்கள். பளபளக்கும் கறுப்பு வேண்டாம்; அது வெளிச்சத்தை உள்ளுக்குள்ளேயே சிதறடிக்கும். டப்பாவின் பக்கவாட்டில் கால் அங்குலத் துவாரம் போட்டு, அதன் மேல் ஊசித்துளை போட்ட தகட்டை ஒட்டுங்கள். துளைக்கு மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் அதுதான் ஷட்டர். துளைக்கு எதிர்ப்பக்கம் பிலிமுக்குப் பதிலாகக் கறுப்பு வெள்ளை போட்டோ பேப்பரை வளைத்து வையுங்கள்.

பேப்பரை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் அதைக் கையாளலாம். மருந்துத் தட்டில் போட்டுக் கழுவும்போது படம் எழுந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். பிலிமை முழு இருட்டில்தான் தொட முடியும் என்பதால் அந்தக் காட்சி கிடைக்காது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஊசித்துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? எப்படிப் போடுவது?

துளை பெரிதானால் படம் மங்கும். ரொம்பச் சிறிதானாலும் மங்கும், ஏனென்றால் ஒளி துளையின் விளிம்பில் வளைந்து பரவிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு இருக்கிறது. ரேலி என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் இந்த விஷயத்தை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். அவர் வழியை நம் வசதிக்குச் சுருக்கினால் இப்படி வரும்: துளைக்கும் பேப்பருக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 0.045-ஆல் பெருக்குங்கள். தூரம் 50 மி.மீ. என்றால் துளை 0.32 மி.மீ., 100 என்றால் 0.45, 150 என்றால் 0.55. அங்கே இங்கே பத்து சதவீதம் தவறினால் குடி முழுகாது.

தகட்டுக்குக் குளிர்பானக் கேனை வெட்டலாம். அதைவிட நல்லது பித்தளை ஷிம். டிராக்டர், பம்புசெட் பழுது பார்க்கும் பட்டறைகளில் மெல்லிய ஷிம் தகடு வைத்திருப்பார்கள், கேட்டால் ஒரு துண்டு கிடைக்கும். தகட்டை ஓர் அட்டை மேல் வைத்து ஊசி முனையால் குழி மட்டும் விழுகிற மாதிரி அழுத்துங்கள். திருப்பிப் போட்டு, புடைத்த இடத்தை 600 அல்லது 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் தேயுங்கள். மறுபடி ஊசியால் தொடுங்கள், மறுபடி தேயுங்கள். ஒரே குத்தாகக் குத்தினால் விளிம்பு கிழிந்து பிசிறு நிற்கும். 10-ஆம் நம்பர் தையல் ஊசியின் தண்டு ஏறக்குறைய 0.46 மி.மீ. இருக்கும். 100 மி.மீ. பெட்டிக்கு அது முழுதாக நுழைந்து வெளியே வந்தால் அளவு சரி.

சந்தேகமாக இருந்தால் தகட்டை ஜெராக்ஸ் கடை ஸ்கேனரில் 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அந்த அளவில் 0.45 மி.மீ. துளை 21 புள்ளி அகலம் வரும். துளை வட்டமாக இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

எவ்வளவு நேரம் திறந்து வைப்பது?

தூரத்தைத் துளையால் வகுத்தால் எஃப் எண். 100 மி.மீ. பெட்டியில் 0.45 துளை என்றால் எஃப் 222. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்து, ஐஎஸ்ஓ எண்ணை (பிலிம் வெளிச்சத்தை எவ்வளவு வேகமாக உணரும் என்பதைச் சொல்லும் எண்) அப்படியே பின்னமாக்கி ஷட்டர் வைப்பது பழைய ஸ்டுடியோக்காரர்கள் கணக்கு: ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு 1/100 வினாடி. எஃப் 16-இலிருந்து 222-க்குப் போனால் வெளிச்சம் ஏறக்குறைய 190 மடங்கு குறைகிறது. ஆக, ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு 2 வினாடி. போட்டோ பேப்பரை ஐஎஸ்ஓ 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை நிமிஷம் வரும். திறந்த நிழலில் எட்டு மடங்கு, அதாவது 4 நிமிஷம்.

இதோடு கணக்கு முடியவில்லை. நேரம் நீள நீள பிலிம் சோர்ந்து போகும், கணக்குக்கு மேல் கூடுதலாகத் தர வேண்டும். இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிலிமுக்கு அந்தக் கம்பெனியே ஒரு கணக்கு தருகிறது: வந்த வினாடியை 1.31 என்ற அடுக்குக்கு உயர்த்த வேண்டும். 10 வினாடி என்று வந்தால் 20 வினாடி தர வேண்டும். எஃப்பி4-க்கு அடுக்கு 1.26, அதனால் 10 வினாடி 18 ஆகும்.

பேப்பரில் இன்னொரு விஷயம். அது நீலத்துக்குத்தான் நன்றாகக் கண் திறக்கும், சிவப்பு அதற்குத் தெரியவே தெரியாது. மாலை மஞ்சள் வெயிலில் நேரம் கூடுதலாக வேண்டும். செங்கல் சுவர் கறுத்துப் போகும். நாற்றங்காலின் இளம்பச்சைகூட நாம் பார்க்கிறதைவிட இருட்டாகத்தான் விழும். வானம் முழு வெள்ளையாகிவிடும். டெல்டாவில் வயலும் வானமும்தான் பாதிப் படம் என்பதால் இதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொண்டு இடம் தேர்ந்தெடுங்கள். தூண், மணல், படித்துறைக் கல் எல்லாம் பேப்பருக்கு அருமையாகப் பொருந்தும்.

படத்தில் வெள்ளைக் கீற்றும் புகை மூட்டமும் வருகிறதே?

வெளிச்சம் எங்கோ கசிகிறது. இரவில் இருட்டறைக்குள் பெட்டியின் உள்ளே செல்போன் டார்ச்சைப் போட்டு மூடிவிட்டு எல்லாப் பக்கமும் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிஷம் கொடுங்கள்; உடனே பார்த்தால் சின்னக் கசிவு தெரியாது.

பெட்டிக்கு எந்த மரம்? மழைக்காலத்தில் உப்பிவிடுமே?

உப்பும். ஐப்பசி, கார்த்திகையில் உப்பும், சித்திரையில் சுருங்கும். அதனால் மூடி எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகிறது என்பதை நம்பிப் பெட்டி செய்யாதீர்கள். ஆசாரியிடம் காடி எடுத்து, ஒன்றுக்குள் ஒன்று படிபோல இறங்கும் மூடியாகச் செய்யச் சொல்லுங்கள். வெளிச்சம் நேர்கோட்டில்தான் போகும்; இரண்டு இடத்தில் மடங்கினால், மூடி அரை மில்லிமீட்டர் தளர்ந்தாலும் உள்ளே வர முடியாது. காடிக்குள் கறுப்பு வெல்வெட் நாடா ஒட்டினால் இன்னும் நல்லது.

மரத்தைப் பொறுத்தவரை நன்றாகக் காய்ந்த பழைய மரம்தான் என் தேர்வு. தஞ்சாவூர் வீணை செய்யும் பலா மரத்தை இங்குள்ள கைகளுக்கு நன்றாகத் தெரியும். இடித்த வீட்டுக் கதவு, சன்னல் தேக்கு கிடைத்தால் விடாதீர்கள். இரண்டும் இல்லையென்றால் நல்ல பிளைவுட். எதுவானாலும் உள்ளும் புறமும் பெயிண்ட் அடித்துத் துளைகளை அடைத்துவிட வேண்டும்.

120 ரோல் பிலிமுக்குக் கேமரா செய்யலாமா?

தாராளமாக. முதல் டப்பாவுக்கு அடுத்த படி இதுதான். 120 பிலிமுக்குப் பின்னால் எண் அச்சிட்ட தாள் சேர்ந்து வரும், அதனால் படம் எண்ணுவதற்குப் பல்சக்கரம் எதுவும் வேண்டாம். பின்பலகையில் ஒரு சிவப்பு சன்னல் போதும். 6×6 செ.மீ. படத்துக்கான எண்கள் தாளின் நடு வரிசையில் இருக்கும், 12 படம் வரும். சன்னலுக்கு ஒரு நகரும் மூடி கட்டாயம் வையுங்கள். இன்றைய பிலிம் சிவப்பையும் பார்க்கும், நம் வெயிலில் தாளைத் தாண்டியும் கறை விழும்.

அளவு எடுக்க ஒரு பழைய அக்ஃபா கிளிக் 3 கிடைத்தால் நல்லது. பரோடாவில் தயாராகி ஒரு காலத்தில் நடுத்தர வீடுகளில் சாதாரணமாக இருந்த கேமரா அது. இதே 120 பிலிமில் 6×6 படம் எடுக்கும். பூஞ்சை பிடித்து யாரும் தொடாமல் பீரோ மேல் கிடக்கும். ஸ்பூல் உட்காரும் பள்ளம், பிலிமை மட்டமாக வைக்கும் தண்டவாளம் எல்லாம் அதைத் திறந்து பார்த்தாலே புரிந்துவிடும்.

லென்ஸ் போட ஆசை. எங்கே கிடைக்கும்?

கண் கண்ணாடிக் கடையில். ப்ளஸ் 8 பவர், வெட்டாத வட்டக் கண்ணாடி கேளுங்கள். 1000-ஐப் பவரால் வகுத்தால் குவியத் தூரம்: 125 மி.மீ. முன்பு கண்புரை எடுத்தவர்கள் போட்டுக்கொண்ட தடித்த கண்ணாடி ப்ளஸ் 10 சுமாருக்கு இருக்கும், அது 100 மி.மீ.

பெட்டிக் கேமராக்களில் இருந்ததும் இப்படி ஒற்றைக் கண்ணாடிதான். குழிந்த பக்கம் வெளியே பார்க்கட்டும். அதற்கு 15 முதல் 20 மி.மீ. முன்னால், நடுவில் 8 மி.மீ. துளை போட்ட கறுப்புத் தகடு வையுங்கள். 125-ஐ 8-ஆல் வகுத்தால் எஃப் 16 ஆகிவிடும். இந்தத் தகடு இல்லாமல் கண்ணாடி முழுவதையும் திறந்து வைத்தால் ஓரமெல்லாம் கரைந்து போகும். லென்ஸ், தகடு இரண்டையும் தாங்கும் பித்தளைக் குழாயை லேத்தில் கடைந்து தருவார்கள். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு செய்யும் ஊர். அந்தப் பக்கத்தவர்களுக்குப் பித்தளை வேலைக்கு ஆள் தேடவே வேண்டாம்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ஒற்றைக் கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு இடத்தில் குவிக்கும். நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது மஞ்சள்-பச்சைக் குவியம். போட்டோ பேப்பருக்குத் தெரிவதோ நீலம், அது 125 மி.மீ. லென்ஸில் கிட்டத்தட்ட 2 மி.மீ. முன்னாலேயே குவிந்துவிடும். கண்ணால் ஃபோகஸ் பார்த்தபின் பேப்பரை அந்த 2 மி.மீ. லென்ஸ் பக்கம் நகர்த்துங்கள்.

வல்லம் கல்லில் லென்ஸ் செய்தால் என்ன?

தஞ்சாவூர்க்காரர்கள் அவசியம் கேட்கும் கேள்வி, எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வியும்கூட. வல்லத்தில் கிடைத்த படிகக் கல்லை அறுத்துப் பட்டை தீட்டி மூக்குக் கண்ணாடி செய்வது தஞ்சாவூரின் பழைய தொழில். கண்ணுக்குக் குளிர்ச்சி என்று சொல்லிப் பெரியவர்கள் விரும்பி அணிந்தார்கள்.

அந்தக் கல் குவார்ட்ஸ். சாதாரணக் கண்ணாடிக்கு இல்லாத ஒரு குணம் அதற்கு உண்டு. உள்ளே வரும் ஒளியை இரண்டாகப் பிரிக்கும்: ஒன்றுக்கு ஒளிவிலகல் எண் 1.544, இன்னொன்றுக்கு 1.553. மூக்குக் கண்ணாடியாகப் போடும்போது இது தெரியாது. கேமரா லென்ஸாக வைத்தால் 125 மி.மீ. தூரத்தில் இரண்டு குவியங்கள் ஏறக்குறைய 2 மி.மீ. இடைவெளியில் விழும், படம் மெத்தென்று ஆகும். படிகத்துக்கு ஓர் அச்சு உண்டு. அந்த அச்சு நாம் பார்க்கும் திசையிலேயே இருக்கும்படி கல்லை அறுத்தால் இந்தப் பிரிவு பெரும்பாலும் மறைந்துவிடும். ஆகவே கல் அறுக்கத் தெரிந்தவரிடம் அச்சைப் பார்த்து அறுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். எஃப் 45 அளவுக்குத் துளையைச் சிறிதாக்கினால் மீதிக் குறையும் அடங்கும். உள்ளூர்க் கல்லில் உள்ளூர்க் கையால் தீட்டிய லென்ஸ் என்பதற்காகவே இதைச் செய்து பார்க்கலாம்.

லென்ஸ் வந்துவிட்டது. ஷட்டருக்கு என்ன வழி?

பேப்பர் வைத்தால் ஷட்டரே வேண்டாம். லென்ஸுக்கு முன் 2.8 மி.மீ. துளை வைத்தால் எஃப் 45. வெயிலில் ஒரு வினாடிக்குச் சற்று மேல் வரும். மூடியைக் கையால் எடுத்து மூடலாம்.

பிலிம் என்றால் விழும் பலகை செய்யுங்கள். இரண்டு காடிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய பலகை, அதில் 20 மி.மீ. உயரச் சாளரம். சாளரம் லென்ஸுக்கு 50 மி.மீ. மேலே நிற்கும்படி ஓர் ஆணியில் நிறுத்தி, ஆணியை இழுத்தால் பலகை விழும். 50 மி.மீ. விழுந்ததும் அதன் வேகம் வினாடிக்கு 1 மீட்டர், 20 மி.மீ. சாளரம் கடக்க ஏறக்குறைய 1/50 வினாடி. 100 மி.மீ. மேலிருந்து விட்டால் 1/70. ரப்பர் பேண்டு கட்டினால் இன்னும் வேகம். செல்போனில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருந்தால் சோதித்துக்கொள்ளலாம்: லென்ஸுக்கு நடுவில் ஒரு புள்ளியை வைத்துப் பார்க்கும்போது சாளரம் 5 படங்களில் தெரிந்தால் 1/50.

ஃபோகஸ் பார்க்கும் கண்ணாடி?

மெல்லிய சாதாரணக் கண்ணாடித் துண்டு இரண்டு, நடுவே மோட்டார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் வால்வு கிரைண்டிங் பேஸ்ட். வட்டமாகத் தேயுங்கள். சொரசொரப்பான முகம் லென்ஸைப் பார்க்க வேண்டும், பிலிம் உட்காரும் தளமும் அந்த முகமும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். எஃப் 16-இல் அரை மில்லிமீட்டர் பிசகு படத்தில் தெரியாது. எஃப் 8 என்றால் தெரிய ஆரம்பித்துவிடும்.

பெரிய கோயில் விமானம் முழுவதும் அடங்குமா? கேமராவை அண்ணாந்து வைத்தால் சாய்கிறதே?

அண்ணாந்து வைக்காதீர்கள். பெட்டி மட்டமாக இருக்கட்டும், துளையை மேலே ஏற்றுங்கள். விமானத்தை 60 மீட்டர் என்று வைத்துக்கொண்டு 120 மீட்டர் தள்ளி நின்றால், 100 மி.மீ. பெட்டியில் அது 50 மி.மீ. உயரம் விழும். 6×9 படத்தை நிறுத்தி வைத்தால் உயரம் 84 மி.மீ. துளை நடுவில் இருந்தால் அடிவானத்துக்கு மேலுள்ள பகுதிக்குப் பாதி, 42 மி.மீ. மட்டும் கிடைக்கும், கலசம் வெட்டுப்படும். துளையை 15 மி.மீ. உயர்த்தினால் 57 கிடைக்கும், விமானம் நேராக நின்று முழுதாக அடங்கும். பெட்டியின் முகப்பில் நடுவில் ஒன்று, 15 மி.மீ. மேலே ஒன்று என இரண்டு துளை போட்டு, தனித்தனி டேப் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது.

இந்தக் கோயிலை 1858-இல் லின்னியஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக வந்து எடுத்திருக்கிறார். அவர் பயன்படுத்தியதும் தாள் நெகட்டிவ்தான். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். டப்பாவும் பேப்பரும் வைத்திருப்பவர்கள் அந்தப் படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். தாள் நெகட்டிவ் எவ்வளவு தாங்கும் என்பது புரியும்.

நடைமுறையில், மத்திய தொல்லியல் துறையின் பொறுப்பிலுள்ள கோயில்களில் முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும். டேப் சுற்றிய டப்பாவைப் பொது இடத்தில் வைத்துவிட்டு நகரவும் வேண்டாம், பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள்.

பிலிம் கழுவ 20 டிகிரி என்கிறார்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே 32 இருக்கிறதே?

20-க்கு இறக்கப் பாடுபட வேண்டாம், 24-ஐக் குறிவைத்தால் போதும். நேரம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும்: 8 நிமிஷம் ஐந்தரையாகும். 5 நிமிஷத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத்திட்டாக வரும். மண்பானைத் தண்ணீரும் கொஞ்சம் ஐஸும் சேர்த்து ஒரு பேசினில் ஊற்றி, அதற்குள் மருந்துப் பாட்டில்களை நிறுத்துங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி ஈரக்காற்று ஊர்களில் பானை அவ்வளவாகக் குளிராது, ஐஸ் கூட வேண்டும். படத்தை எழுப்பும் டெவலப்பர், அதை நிலைக்க வைக்கும் ஹைப்போ, கழுவும் தண்ணீர் எல்லாம் ஒரே சூட்டில் இருப்பது முக்கியம். சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் பிலிமின் ஜெலட்டின் சுருங்கி வலை மாதிரி வெடிக்கும்.

கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள்.

காபியில் பிலிம் கழுவலாம் என்பது உண்மையா? கும்பகோணம் டிகிரி காபியிலுமா?

உண்மை. அமெரிக்காவின் ராச்சஸ்டர் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1995-இல் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற ஆசிரியரும் மாணவர்களும் செய்து காட்டியது. இன்று புழக்கத்தில் உள்ள ஓர் அளவு, 1 லிட்டருக்கு: ஈரமில்லாத சலவை சோடா 54 கிராம், வைட்டமின் சி பொடி 16 கிராம், இன்ஸ்டன்ட் காபி 40 கிராம். இந்த வரிசையிலேயே கரையுங்கள். 20 டிகிரியில் 15 நிமிஷம். நாற்றம் கடுமையாக இருக்கும், சன்னலைத் திறந்து வையுங்கள்.

நம் கடையில் கிடைக்கும் சலவை சோடா கட்டியாகப் பளபளத்தால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர். 54-க்குப் பதில் 146 கிராம் போட வேண்டும். ஆப்பச் சோடா வேறு பொருள், அதைப் போட்டால் படம் வராது. காபித் தூளில் சிக்கரி இருக்கிறதா என்று பொட்டலத்தில் படித்துப் பாருங்கள், சிக்கரி இல்லாததே வேண்டும். டிகாக்ஷனைப் பொறுத்தவரை, ஒவ்வொரு முறையும் அதன் திடம் மாறும், சிக்கரியும் கலந்திருக்கும். ஒருமுறை வந்த படம் மறுமுறை வராது. அதைக் குடிப்பதற்கே வைத்துக்கொள்ளலாம்.

ஊசித்துளை டப்பாவை ஆறு மாதம் திறந்து வைத்துச் சூரியனின் பாதையை எடுக்கிறார்களே, அது இங்கே வருமா?

வரும், ஆனால் வெளிநாட்டுச் செய்முறையை அப்படியே பின்பற்றினால் வராது. அவர்கள் டப்பாவைத் தெற்கே பார்த்துக் கட்டச் சொல்வார்கள். தஞ்சாவூர் 10.8 டிகிரி வடக்கில் இருக்கிறது. சித்திரை பிறந்த சில நாளில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, ஆவணி முதல் பத்து நாள்வரை உச்சிக்கு வடக்கேதான் போகும். மார்கழியில்கூட நண்பகலில் 56 டிகிரி உயரத்தில் நிற்கும். தெற்கே பார்த்த டப்பாவுக்கு அது எட்டாது. கிழக்கே பார்த்துக் கட்டுங்கள். சூரியன் உதிக்கும் இடம் நேர்கிழக்கிலிருந்து இரு பக்கமும் 24 டிகிரி நகரும். கோடுகள் ஏறக்குறைய செங்குத்தாக, கொஞ்சம் தெற்கே சாய்ந்து எழும்பும்.

மார்கழி முதல் வாரத்தில் கட்டி ஆனி முதல் வாரத்தில் எடுங்கள். வடகிழக்குப் பருவமழையின் பெரும்பகுதி அதற்குள் ஓய்ந்திருக்கும். போட்டோ பேப்பரை எடுத்ததும் கழுவக் கூடாது. வெயிலிலேயே படம் பதிந்திருக்கும், நேராக ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வண்ணத்தைத் திருப்ப வேண்டும்.

3டி பிரிண்டில் கேமரா உடம்பு செய்யலாமா?

செய்யலாம். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி சூட்டில் இளகும், அக்னி நட்சத்திரத்தில் பூட்டிய காருக்குள் வைத்தால் கோணிவிடும். அதைவிடச் சூடு தாங்கும் பிஇடிஜி பிளாஸ்டிக் கேளுங்கள். கறுப்பாக இருந்தாலும் சுவர் மெல்லியதாக இருந்தால் வெளிச்சம் கசியும், உள்ளே பெயிண்ட் அடியுங்கள்.

வேலை முடிந்த ஹைப்போவை எங்கே ஊற்றுவது?

வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றவே கூடாது. பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி அதில் இருக்கிறது. மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் கெடுதல், நம் வாய்க்கால் எல்லாம் ஏதாவது ஒரு வயலுக்குத்தான் போகிறது. மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் சேர்த்து வையுங்கள். அதில் துருப்பிடிக்கும் வகை இரும்பு நாரைப் போட்டு வைத்தால் இரும்பு கரைந்து, வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் தங்கும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார் துருப்பிடிக்காது, அது உதவாது. வெள்ளி பிரித்தெடுக்கும் பட்டறை தெரிந்தால் சேற்றையும் தெளிந்த நீரையும் கேனோடு அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.